அடி எப்படிப் பட்டது என்று சொல்லும் வேலை: சாயல்குடிப் பெண் படிக்கலாமா?

சாயல்குடி மலர்:

வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அப்பா பனையேறி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பதநீர் சீசனில் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். 35 அடி இருக்கும். மரமேறக் காலில் மாட்டும் தளைநார் அறுந்துபோனது என்றார். இரண்டு குதிகாலும் உடைந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார், ஆனால் பிழைத்துக்கொண்டார்.

அதே மாதம் பக்கத்து வீட்டுப் பெரியப்பா ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டும்போது பின்பக்கமாகச் சாய்ந்து சிமெண்ட் தரையில் விழுந்தார். பின்மண்டையில் அடி. வெளியே ரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. மறுநாள் இறந்துபோனார்.

பனை உயரத்திலிருந்து விழுந்தவர் இருக்கிறார், ஸ்டூலிலிருந்து விழுந்தவர் இல்லை. ஊரில் எல்லோரும் தலையெழுத்து என்றார்கள். என்னால் அதோடு விட முடியவில்லை. தேடித் தேடிப் படித்தபோது இன்ஜுரி பயோமெக்கானிக்ஸ் என்று ஒரு துறை இருப்பது தெரிந்தது. உடம்பில் பட்ட விசையையும் காயத்தையும் சேர்த்துவைத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்வார்களாம். தடயவியலில் இதையே தொழிலாகச் செய்கிறவர்களும் உண்டாம். இதற்கு என்ன படிக்க வேண்டும்? டாக்டர் ஆகாமல் முடியுமா? நம் நாட்டில் வேலை இருக்கிறதா? வீட்டில் பணம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாம்பன் விசைப்படகு:

தங்கச்சி, படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க நம் பக்கத்தில் ஒரு ஆள் வந்ததே சந்தோஷம். வலை இழுக்கிற விஞ்சில் கை மாட்டியவர்கள், அறுந்த கம்பி வடம் வீசி அடித்தவர்கள் என்று எங்கள் துறையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். எப்படி நடந்தது என்று யாரும் எழுதி வைத்ததில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம். கச்சான் காற்று நேரத்தில் ஃபைபர் படகில் வேகமாகப் போனால் அலையில் தூக்கிப் போட்டு அடிக்கும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்து போகிற பையன்களுக்கு முப்பது வயதிலேயே முதுகு போய்விடுகிறது. இதுவும் அந்தப் படிப்புக்குள் வருமா?

உச்சிப்புளிக்காரன்:

மலர், எனக்கு ஊர் உச்சிப்புளி. சென்னைப் பக்கம் வாகன மோதல் சோதனையில் பதின்மூன்று வருடமாக வேலை. இடையிடையே நீதிமன்ற வழக்குகளுக்கும் கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பா விஷயம். 35 அடி என்றால் 10.7 மீட்டர். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 52 கிலோமீட்டர். இந்த வேகம் உடம்பை ஒன்றும் செய்வதில்லை, அது எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்பதுதான் செய்கிறது. ஒரு எளிய கணக்கு உண்டு. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்த தூரத்தால் வகுத்தால் புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு என்று சராசரியாக வந்துவிடும். மண் அமுங்கியது, கணுக்கால் முழங்கால் இடுப்பு மடங்கியது எல்லாம் சேர்த்து 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். 18 மடங்கு, அதாவது 18 ஜி வரும். அதே ஆள் கால் விறைத்தபடி கான்கிரீட்டில் விழுந்து 5 சென்டிமீட்டரில் நின்றிருந்தால் 200 ஜிக்கு மேலே.

இப்போது பெரியப்பா. ஸ்டூலில் நின்றபோது தலை 7 அடி உயரத்தில் இருந்திருக்கும், அதாவது 2.1 மீட்டர். வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர்தான். ஆனால் முதலில் தரையைத் தொட்டது தலை. மண்டைத் தோலும் எலும்பும் சேர்ந்து கொடுத்த இடம் 5 மில்லிமீட்டர் என்றால் சராசரியே 420 ஜி. சாய்ந்து விழும்போது கணக்கு கொஞ்சம் மாறும், உச்ச அளவு சராசரியைவிட அதிகமாகவும் இருக்கும். ஆனாலும் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் எங்கே என்று தெரிகிறது அல்லவா? ஹெல்மெட்டுக்குள் இருக்கும் அந்தத் தெர்மாகோல் அடுக்கு செய்வதும் இதைத்தான். சில மில்லிமீட்டரை இரண்டு மூன்று சென்டிமீட்டராக நீட்டிக் கொடுக்கிறது.

நீ கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தத் துறையே ஆரம்பித்தது. ஹியூ டிஹேவன் என்பவர் முதல் உலகப்போர் காலத்தில் விமானப் பயிற்சியில் இருந்தபோது விபத்தில் சிக்கி, வயிற்றுக்குள் பலத்த காயத்தோடு பிழைத்தார். தன்னைக் கிழித்தது மோதல் இல்லை, இடுப்பு பெல்ட்டின் பக்கிள் என்று அவர் முடிவுக்கு வந்தார். பிறகு 50 அடி முதல் 150 அடி வரை உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து 1942-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒருவர் விழுந்தது கொத்திவிட்ட தோட்ட மண்ணில். அப்பா விழுந்த இடத்தில் மண் எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்.

அடுத்து ஜான் பால் ஸ்டாப். அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் தானே உட்கார்ந்து மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் போய் 1.4 விநாடியில் நின்றார். உச்சத்தில் 46.2 ஜி. கண்ணில் ரத்தம் கட்டியது, ஆனால் உயிரோடு இறங்கினார். சரியாகக் கட்டி உட்காரவைத்தால் மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை அவர் தன் உடம்பிலேயே காட்டினார். டெட்ராய்டில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தானமாக வந்த உடல்களை வைத்து மண்டை எவ்வளவு தாங்கும் என்று அளந்தார்கள். இன்று கார் சோதனையில் தலைக்காயத்துக்குப் பயன்படும் எண்ணின் வேர் அங்கேதான் இருக்கிறது. பெயர் தெரியாத அந்த உடல்களை நினைக்காமல் நான் ஒரு அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முன்மோதல் சோதனைக் காரில் மனிதருக்குப் பதிலாக அதிகம் உட்காருகிற பொம்மை 77 கிலோ எடையுள்ள அமெரிக்க ஆணின் அளவு. உன் அப்பா 55 கிலோ இருப்பாரா? மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கப் போகிற நம் பெண்கள் அதுகூட இருக்க மாட்டார்கள். நம் ஆட்களின் எலும்பு, உயரம், அவர்கள் விழுகிற விதம் பற்றிய அளவுகள் மிகக் குறைவு. நீ இதைப் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

படகுக்காரரே, நீங்கள் சொல்வது நிச்சயம் இதற்குள் வரும். அலையில் படகு பின்பக்கத்தை மையமாக வைத்துத்தான் ஆடும், அதனால் அணியம்தான் அதிகம் ஏறி இறங்கும். அங்கே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முள்ளெலும்பு ஒவ்வொரு அடியிலும் நசுங்கி மீள்கிறது. ஒரே அடியில் உடைவதும் உண்டு, நாள்பட நைந்துபோவதும் உண்டு. பையன்களைப் பின்பக்கம் வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லுங்கள். விறைப்பாக உட்கார்ந்திருப்பதுதான் மோசம்.

கீழக்கரை டாக்டர்:

மலர், நான் தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. முடித்தவள். தொழில் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டு குதிகாலும் உடைந்தது என்கிறாய். அப்போது முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்தார்களா? இப்போது கீழ்முதுகு வலி இருக்கிறதா?

சாயல்குடி மலர்:

எடுக்கவில்லை அக்கா. காலுக்கு மட்டும்தான் எடுத்தார்கள். முதுகு வலிக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். படுத்தே கிடந்ததால் வந்த வலி என்று நினைத்தோம்.

கீழக்கரை டாக்டர்:

இந்த வாரமே எடுங்கள். காலை ஊன்றி உயரத்திலிருந்து விழுந்தால் விசை குதிகாலோடு நிற்காது. முழங்கால், இடுப்பு வழியாக முதுகெலும்புக்கு ஏறும். மார்பு முள்ளெலும்பும் இடுப்பு முள்ளெலும்பும் சேரும் இடத்தில் நசுங்கும். குதிகால் உடைந்து வந்தவருக்கு முதுகையும் பார்க்க வேண்டும் என்பது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். கூட்டமான அவசரப் பிரிவில் அது விட்டுப்போகிறது. கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள். இருந்தால் வாரம் பார்க்காதே, நாளைக்கே போ.

தொண்டி ரஹீம்:

இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் மச்சானும் அவன் கூட்டாளியும் ஒரே பைக்கில் போய் ஒரு வேனில் மோதினார்கள். மச்சான் மௌத்தாகிவிட்டான். கூட்டாளி பிழைத்து, ஓட்டியது மச்சான்தான் என்று சொன்னான். எஃப்ஐஆரிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். ஆனால் மச்சானுக்குப் பைக் ஓட்டவே தெரியாது. பின்னால் இருந்தவன் என்றால் அவன் பிள்ளைகளுக்கு இழப்பீடு வரும். ஓட்டினான், தப்பும் அவனுடையது என்று ஆனதால் ஒன்றும் இல்லை. உடம்பை வைத்து யார் ஓட்டினார் என்று சொல்ல முடியுமா?

உச்சிப்புளிக்காரன்:

அல்லா அவருக்கு நல்லது செய்யட்டும், பாய். பல வழக்குகளில் சொல்ல முடியும். நேராக மோதும்போது ஓட்டுபவர் முன்னால் சறுக்கிப் பெட்ரோல் டேங்கில் மோதுவார். இடுப்புக்கூடு, தொடை இடுக்கு இரண்டிலும் அதன் அடையாளம் இருக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கட்டைவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் முறிவு வரும். பின்னால் இருந்தவர் ஓட்டுபவரின் முதுகில் மோதுவார், இல்லையென்றால் அவருக்கு மேலாகப் பறப்பார். காரில் இன்னும் தெளிவு. நம் நாட்டில் ஓட்டுநருக்கு பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கும், பக்கத்தில் இருப்பவருக்கு இடது தோளிலிருந்து. மார்பில் உள்ள தழும்பின் சாய்வே யார் எந்த சீட்டில் இருந்தார் என்று காட்டிவிடும். பக்கவாட்டுக் கண்ணாடி சின்னச் சின்னக் கட்டிகளாக உடையும், அது கன்னத்தில் போடும் கீறல் தனி மாதிரி. முன் கண்ணாடி போடுவது வேறு மாதிரி.

பிரேதப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறதா? பெயர், ஊர், எண் எதுவும் இல்லாமல் காயங்களின் பட்டியலை மட்டும் எழுதுங்கள்.

தொண்டி ரஹீம்:

இருக்கிறது. தலையில் பலத்த காயம், மூளையில் ரத்தக்கசிவு, உடம்பில் பல இடங்களில் சிராய்ப்பு. அவ்வளவுதான் போட்டிருக்கிறது. கை, இடுப்பு பற்றி ஒரு வரியும் இல்லை.

உச்சிப்புளிக்காரன்:

அப்படியென்றால் என்னால் சொல்ல முடியாது, பாய். காயம் இல்லாததால் எழுதவில்லையா, பார்க்காததால் எழுதவில்லையா என்று இதிலிருந்து பிரிக்க வழியில்லை. "ஓட்டவில்லை" என்று எழுதிக் கொடுக்க ஒரு ஆள் உங்களுக்குக் கிடைப்பார். குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் நிற்க மாட்டார். பிழைத்த கூட்டாளியின் சிகிச்சைக் குறிப்பை வக்கீல் மூலம் கேட்டுப் பாருங்கள். கட்டைவிரலோ இடுப்போ அதில் இருந்தால் கதை மாறும். பைக்கின் படங்கள் இருந்தால் டேங்கில் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலர், இந்த வேலையில் எனக்குத் தூக்கம் வராத இரவுகள் எல்லாம் இப்படித்தான். அறிவியல் இருக்கும், கணக்குப் போட ஆள் இருப்பார், ஆனால் முதல் நாள் அளந்து எழுத வேண்டியதை யாரோ எழுதாமல் விட்டிருப்பார்கள். சிராய்ப்பு என்றால் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், எந்தத் திசையில் இழுத்திருக்கிறது, குதிகாலிலிருந்து எவ்வளவு உயரம்? நடந்துபோனவரைக் கார் இடித்தால் கால் எலும்பு பல நேரம் ஆப்பு வடிவத்தில் உடையும். வண்டி மோதிய பக்கத்தில் ஆப்பின் அடி, எதிர்ப்பக்கத்தில் முனை. எலும்பு வளையும்போது முதலில் கிழிவது இழுபடுகிற எதிர்ப்பக்கம் என்பதால் அப்படி. வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அந்தத் துண்டு சொல்லும். உயரத்தை அளந்திருந்தால் பம்பரோடு ஒப்பிடலாம். "காலில் முறிவு" என்று மட்டும் எழுதினால் எல்லாம் போச்சு.

கீழக்கரை டாக்டர்:

நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை உடல்களை எத்தனை பேர் பார்க்கிறோம் என்பதையும் மலர் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, காயத்தைக் கண்டறிவது மருத்துவர் வேலை. பொறியாளர்கள் கணினியில் ஒரு உடம்பை உருட்டிப் பார்த்துவிட்டு "இந்தக் காயம் இப்படித்தான் வந்தது" என்று எழுதுவதைப் பார்த்து நான் கோபப்பட்டிருக்கிறேன். கடலில் கிடைக்கிற உடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடைவெளியில் இணையாக வெட்டுகள் இருந்தால் புரொப்பெல்லர் என்று யாரும் சொல்லிவிடலாம். அது உயிரோடு இருக்கும்போது பட்டதா, இறந்து மிதந்தபோது பட்டதா? காயத்தின் ஓரத்தில் ரத்தம் ஊறியிருக்கிறதா என்று பார்ப்போம். கடல்நீர் அதையும் கழுவிவிடும். மீனும் நண்டும் தின்றதை வெட்டுக்காயம் என்று நினைத்து ஒரு ஊரே கொதித்ததை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் உடல்களோடு நின்றவருக்குத்தான் இது பிடிபடும்.

உச்சிப்புளிக்காரன்:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், டாக்டர். என்ன காயம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அந்தக் காயத்துக்குத் தேவையான விசை, சொல்லப்படுகிற சம்பவத்தில் வந்திருக்க முடியுமா என்று நாங்கள் சொல்லலாம். புரொப்பெல்லர் வெட்டின் இடைவெளியை நீங்கள் அளந்து கொடுத்தால், தகடுகளின் எண்ணிக்கை, சுழற்சி, படகின் வேகம் மூன்றையும் வைத்து இந்த எஞ்சின்தானா என்று நான் சோதிக்க முடியும். நீங்கள் அளக்காவிட்டால் என் கணக்கு வெறும் கற்பனை.

ஆரம்பத்தில் ஒரு அறிக்கையில் "இவ்வாறு மட்டுமே நிகழ்ந்திருக்க முடியும்" என்று நானும் எழுதினேன். கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் வேறு இரண்டு வழிகளைக் கேட்டார். இரண்டும் நடக்கக்கூடியவை. அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதர் சிறைக்குப் போயிருக்கலாம். அன்றிலிருந்து "மட்டுமே" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். "இதனோடு பொருந்துகிறது, அதனோடு பொருந்தவில்லை", அதற்கு மேல் போவதில்லை.

பரமக்குடி வக்கீல்:

சட்டப் பக்கம் சுருக்கமாக. நிபுணர் கருத்து முன்பு இந்திய சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 39-ஆம் பிரிவு. மருத்துவர்தான் நிபுணர் என்று சட்டம் சொல்லவில்லை, அந்தத் துறையில் தனித் தேர்ச்சி உள்ளவர் என்றுதான் சொல்கிறது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து வருட அவகாசம் உண்டு. ஆட்கள் தேவைப்படுவார்கள்.

ரஹீம் பாய், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை, எது அதிகம் நடந்திருக்கக்கூடியது என்பதே போதும். உங்கள் வக்கீலிடம் கூட்டாளியின் மருத்துவக் குறிப்பை வரவழைக்க மனுப் போடச் சொல்லுங்கள். முயற்சியை விட்டுவிடாதீர்கள்.

சாயல்குடி மலர்:

எல்லோருக்கும் நன்றி. படிப்பு, வேலை பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணே.

உச்சிப்புளிக்காரன்:

உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பெயரில் ஒரு அரசுப் பதவி கிடையாது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமையகம் மயிலாப்பூரில் இருக்கிறது, மதுரையில் வட்டார ஆய்வகம். 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்தின் வழி வந்தது அது. ஆட்களை டிஎன்பிஎஸ்சி எடுக்கும். இயற்பியல் பிரிவு உனக்கு நெருக்கமானது, ஆனால் அறிவிப்பு வரும்போது கேட்கிற படிப்பு உன்னிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

நிறைய வேலை இருப்பது வாகனப் பாதுகாப்பில். ஒரகடத்தில் ஜிஏஆர்சி, புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட் என்று சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில், கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டம் தொடங்கியதிலிருந்து மணிக்கு 64 கிலோமீட்டர் முன்மோதல் சோதனை உள்நாட்டிலேயே நடக்கிறது. கார், சீட்பெல்ட், ஏர்பேக் செய்பவர்களுக்கும் கணினியில் மோதல் கணக்குப் போட ஆள் வேண்டும். அங்கே ஐந்தாறு வருடம் கை பழகியபின்தான் நீதிமன்றப் பக்கம் உன் பேச்சு எடுபடும். முதல் நாளிலிருந்தே தடயவியல் என்று இறங்கினால் பட்டினி.

உனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம், எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் எழுது. ஐஐடி மெட்ராஸில் அப்ளைடு மெக்கானிக்ஸ், டெல்லி ஐஐடியில் தினேஷ் மோகன் வளர்த்த போக்குவரத்துக் காயத்தடுப்பு மையம், இரண்டையும் பார். கேட் மதிப்பெண்ணில் எம்.டெக். சேர்ந்தால் மாத உதவித்தொகை வரும். வீட்டில் பணம் இல்லை என்றாயே, அதற்காகத்தான் இந்த வழியைச் சொல்கிறேன். இப்போதே உடற்கூறியல் படிக்கத் தொடங்கு, புள்ளியியலையும் விடாதே. பொறியியல் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த இரண்டிலும்தான்.

கீழக்கரை டாக்டர்:

2022-இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். தடயவியல் மருத்துவத் துறைத் தலைவருக்கு உன் கல்லூரி வழியாக முறையாகக் கடிதம் எழுதி, எலும்பு மாதிரிகளைப் பார்க்க அனுமதி கேள். மறுத்தால் இங்கே எழுது, வேறு வழி யோசிக்கலாம்.

சாயல்குடி மலர்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். எக்ஸ்ரே எடுத்தோம். முதல் இடுப்பு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருக்கிறது. பழைய முறிவு என்றார்கள். நரம்பில் பாதிப்பு இல்லை. பெல்ட்டும் உடற்பயிற்சியும் சொல்லியிருக்கிறார்கள். படுத்துக் கிடந்ததால் வந்த வலி இல்லை என்று தெரிந்ததும் அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். இரண்டு வருடமாக எல்லோரும் அவரைச் சோம்பல் என்று சொல்லியிருக்கிறோம் அக்கா. நானும் ஒரு தடவை சொன்னேன்.

மண்ணைப் பற்றிக் கேட்டேன். முந்தின நாள் மழை பெய்து, உழுது போட்டிருந்த கொல்லையாம். கால் முழங்காலுக்குப் பாதி உயரம் வரைக்கும் மண்ணில் இறங்கியதாம்.

எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் விழுந்த ஐந்து பேரிடம் கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். உயரம், மண், முதலில் தரையில் பட்ட இடம், காயம், எவ்வளவு நாள் படுத்திருந்தார். வேறு என்ன கேட்க வேண்டும்?

உச்சிப்புளிக்காரன்:

வயது, எடை. தளைநார் அறுந்ததா, மட்டை ஒடிந்ததா, கால் வழுக்கியதா? அரிவாள் இடுப்பில் இருந்ததா? விழுகிற வழியில் எதிலாவது பட்டாரா? உயரத்தை அவர் சொன்னபடி ஒரு கட்டத்திலும், அந்த மரத்தை நீயே அளந்து இன்னொரு கட்டத்திலும் எழுது. இரண்டும் ஒன்றாக இருக்காது. பெயர் வேண்டாம், எண் போடு.

பாம்பன் விசைப்படகு:

தங்கச்சி, இந்தக் கட்டங்களை எனக்கும் அனுப்பு. தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது, எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். முதுகு போன பையன்களை நான் கேட்டு எழுதுகிறேன்.

சாயல்குடி மலர்:

அனுப்புகிறேன் அண்ணே. ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. விழுந்து இறந்தவர்கள் வீட்டிலும் போய்க் கேட்கலாமா? தப்பாக நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

உச்சிப்புளிக்காரன்:

கேட்டுத்தான் ஆக வேண்டும். பிழைத்தவர்களை மட்டும் எழுதினால், உழுத மண்ணில் விழுந்தால் பிழைப்பார்கள் என்று உன் நோட்டு சொல்லும். உழுத மண்ணில் விழுந்தும் இறந்தவர் அதில் இருக்கவே மாட்டார். டிஹேவன் கட்டுரையிலும் இந்தக் குறை உண்டு. தனியாகப் போகாதே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. முதல் நாள் நோட்டை வெளியே எடுக்காதே.